ஒரு நாள் விடுப்பு

பாலக்கரை அலுவலகத்தின் பழைய மென்பொருளை கணினிப் பிரிவு யமுனா இணையக் கிளவுடுக்கு மாற்றி முடித்தாள். மறுநாள் காலை மேனேஜர் பீமராவின் திரையில் குமாஸ்தா அடைக்கலத்தின் விடுப்பு விண்ணப்பம் வந்து நின்றது. நெஞ்சுவலி, டாக்டரைப் பார்க்க ஒரு நாள். போன வருடம் பீமராவ் மறுத்த விண்ணப்பம் அது. மறுத்த அன்று மாலையே அடைக்கலம் தன் மேசையில் இறந்துபோனார்.

"இதை அழிம்மா."

"மூணு தடவை அழிச்சாச்சு சார். திரும்பத் திரும்ப வருது."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"அன்னைக்குப் பண்ணியிருக்க வேண்டியதைப் பண்ணுங்க. எத்தனை தடவை கெஞ்சினாரு!"

பீமராவ் பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புதல் கொடுத்தார். விண்ணப்பம் மறைந்தது. அடுத்த நாள் முழுக்க எதுவும் வரவில்லை.

அதற்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, விடுப்பு முடிந்து அடைக்கலம் வேலைக்குத் திரும்பியதாக வருகைப் பதிவு காட்டியது. கைரேகை அவருடையதுதான். பீமராவ் கத்திக் கூப்பிட்டும் யமுனா அதை அழிக்க எழுந்து போகவில்லை.