மூட்டின் வண்டவாளம்

“இவ்வளவு கேவலமான முழங்காலை என் அனுபவத்துல நான் பார்த்ததே இல்லை” என்றார் பேராசிரியர். சுவர்த் திரையில் ஒரு சிவப்புக் கோடு தள்ளாடித் தள்ளாடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்கு அப்பால், ஒரு ரோமம்கூடக் கலையாத கால்களோடு நின்றிருந்த கழுதை, பேச்சு வேறு யாரைப் பற்றியோ என்பதுபோலப் புல்லை மென்றது.

ஆய்வு மாணவி ஓரடி முன்னால் வந்தாள். கழுதை போனால் அவளுடைய டாக்டர் பட்டமும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டே போய்விடும்.

“சார், ஒரு நிமிஷம்...”

“குறுக்கே பேசாதே.”

நிறுவனத்தின் இயக்குநர் அம்மா திடுதிப்பென்று வந்து நின்றதும், “இருக்கிறதைத் திரையில போடு” என்று அவளை விரட்டியதே பேராசிரியர்தான். அசைவை அளக்கும் சிறு உருண்டைகளை எலும்பின் மேல் எங்கே ஒட்டுவது, கேமராவுக்கு முன்னால் எப்படி நடப்பது என்று நேற்று முழுக்க அவரே செய்துகாட்டியிருந்தார். மாணவர்களை நம்பி எதையும் விடுகிற ஆள் இல்லை.

“இது எப்படி வேலை செய்யுது?” என்றார் இயக்குநர்.

“தொடை எலும்புல மூணு அச்சு, கீழ் எலும்புல மூணு அச்சு. ஒண்ணுக்கு ஒண்ணு எப்படித் திரும்புதுன்னு பார்த்தா மூட்டோட வண்டவாளம் வெளியே வந்துடும். என் முறையில எலியும் யானையும் ஒரே கணக்குதான் மேடம்.”

“இது என்ன சொல்லுது?”

“மடங்க வேண்டிய இடத்துல மடங்கலை. ஊன்றும்போதே உள்பக்கம் சாயுது. உட்கார்ந்தே தின்னு வளர்ந்த உடம்பு.”

“சார், அது வந்து...”

“சொன்னேன்ல.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “சுபாவமும் தெரியுது மேடம். படு சோம்பேறி. யாராவது பின்னாடி நின்னு தள்ளணும். ஆனா திமிருக்குக் குறைச்சல் இல்லை.”

“அதுவுமா எலும்புல தெரியும்?”

“பார்க்கத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.”

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கோட்டை உற்றுப் பார்த்தார். “வைத்தியம் ஏதாவது?”

“பிரயோஜனமில்லை. இதுக்குத் தீனி போடுறதே தண்டம். இன்னிக்கே வெளியே அனுப்பிடுங்க. இல்லேன்னா நம்ம நிறுவனத்தோட பேரு கெட்டுடும்.”

“சரி, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.” போனை எடுத்த இயக்குநர், எதற்கும் இருக்கட்டும் என்று மாணவி பக்கம் திரும்பினார். “நீ ஏதோ சொல்ல வந்தியேம்மா?”

“கழுதையை நாங்க இன்னும் அளக்கவே இல்லை மேடம். நேத்து நடந்தது சார்தான்.”