டார்ச் பிடித்த கை

“அங்க இல்ல சார், இன்னும் கொஞ்சம் உள்ள பாருங்க. வெல்டிங் விட்டிருக்கு” என்றாள் வீட்டுக்காரி, டார்ச்சைச் சரியாக அந்த விரிசலின் மேல் பிடித்தபடி.

ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்த இன்சூரன்ஸ் சர்வேயர், விரிசலை விட்டுவிட்டு அந்த டார்ச் பிடித்த கையைப் பார்த்தார். தன் வண்டியின் குறையைத் தானே வெளிச்சம் போட்டுக் காட்டும் ஆளை அவர் சர்வீஸில் பார்த்ததில்லை. டீ கொடுத்துப் பேச்சை மாற்றுவார்கள், ஓட்டையின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதுதானே உலக வழக்கம்?

போன மாதம்தான் ஒரு லாரிக்காரர் அவர் காதில் அழகாகப் பூச்சுற்றியிருந்தார். “இன்னொரு தடவை ஏமாந்தீங்கன்னா வேலைக்கு வராதீங்க, வீட்லயே உக்காந்துக்கங்க” என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மனிதர் தன் நிழலைக்கூட விசாரித்துவிட்டுத்தான் மிதிக்கிறார்.

முதுகைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார். அது ஜீப்பாகப் பிறந்தது என்பதற்கு முன்விளக்குகள் மட்டும்தான் சாட்சி. கூரையை அறுத்து எடுத்தாகிவிட்டது. லாரி டயர் மாட்டுவதற்காக பாடியை முழங்கால் உயரம் தூக்கி வைத்தாகிவிட்டது. ஏறுவதற்கே ஏணி வேண்டும்.

“யார் பண்ணின வேலை இது?”

“எல்லாம் அவரேதான் சார். லீவு நாள் பூரா இதுக்கு அடியிலதான் குடித்தனம். சோத்துத் தட்டைக்கூட நான் தரையில தள்ளி விடணும்” என்றவள், சர்வேயர் கையிலிருந்த காகிதத்தை எட்டிப் பார்த்தாள். “சீட்டுக்குப் பின்னாடி கூடுதலா ஒரு பெட்ரோல் டேங்க் வெச்சிருக்கார். அதை எழுதலையே நீங்க?”

எழுதினார். “உங்க வீட்டுக்காரர் எங்க?”

“கயிறு வாங்கக் கடைக்குப் போயிருக்கார். உங்களை மத்தியானம்தான் வரச் சொல்லியிருந்தார். நான்தான் போன் பண்ணி முன்னாடியே வரச் சொன்னேன்.”

சர்வேயரின் பேனா அப்படியே நின்றது. புருஷன் இல்லாத நேரமாகப் பார்த்து வரவழைத்திருக்கிறாள்.

“பாதையே இல்லாத மலையில, தன்னந்தனியா, ஒரு வாரம் ஓட்டப் போறாராம். நாளைக்கே கிளம்பணுமாம்.” வாசற்படியில் வயிறு புடைக்கக் கட்டிய ஒரு பெரிய பையை முகவாயால் காட்டினாள். “டிரைவிங் ஸ்கூல் வாத்தியாராச்சே, ஒரு விஷயத்துல மட்டும் ரொம்பக் கண்டிப்பு. இன்சூரன்ஸ் இல்லாம வண்டி கேட்டைத் தாண்டாது. அதான் இன்னிக்கே எனக்கு ஒரு முடிவு தெரிஞ்சாகணும்.”

“தெரிஞ்சுடும்மா, தெரிஞ்சுடும்.”

அவள் தெருப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “ஒண்ணு கேக்கணும் சார். சரிவுல இது கவுந்தா, உள்ள இருக்கிறவர் பிழைப்பாரா?”

“கூரையே இல்லையேம்மா. கஷ்டம்தான்.”

“நானும் அப்படித்தான் நினைச்சேன்” என்று தலையாட்டினாள். “பிரேக்கையும் ஒரு தடவை பாத்துடுங்க. அது ஒரு நேரம் பிடிக்கும், ஒரு நேரம் பிடிக்காது.”

சர்வேயருக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்போது எல்லாம் விளங்கியது. முதலிலேயே எல்லாக் குறையையும் சொல்லிவிட்டால், பிறகு கம்பெனி ‘மறைத்துவிட்டாய்’ என்று கையை விரிக்க முடியாது. இன்றைக்கு பாலிசி, நாளைக்குப் பள்ளத்தாக்கு, அடுத்த வாரம் ஆபீஸ் வாசலில் ஈரக் கைக்குட்டையோடு இவள். அந்த வெல்டிங் தானாக விட்டதா, இவள் விட வைத்ததா என்று யார் கண்டது?

“இந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் கிடையாது” என்றார், தெருவுக்கே கேட்கும்படி. “எங்க கம்பெனின்னு இல்ல, எந்தக் கம்பெனியும் தராது.”

“நிச்சயமாவா?”

“நிச்சயமா. யார் சிபாரிசு பண்ணினாலும் நடக்காது.”

அவள் டார்ச்சை அணைத்தாள். கழற்றிப் போட்டிருந்த பழைய டயரின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். கண் நிரம்பியது. திட்டம் பாழானால் அப்படித்தான் இருக்கும் என்று சர்வேயர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

கேட் திறந்தது. தோளில் கயிற்றுச் சுருளும் முகம் நிறையச் சிரிப்புமாக டிரைவிங் மாஸ்டர் வந்தார். சர்வேயருக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. இப்படி ஒரு அப்பாவியைக் கொல்ல எப்படித்தான் மனசு வருகிறதோ. விடுவிடுவென்று போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வண்டிக்கு இன்சூரன்ஸ் கிடையாது சார். உங்க உயிரைக் காப்பாத்தியிருக்கேன்னு நினைச்சுக்குங்க. காரணத்தை அப்புறம் தனியா சொல்றேன்.”

கயிறு தோளிலிருந்து நழுவி விழுந்தது. “இன்சூரன்ஸ் இல்லாம எப்படி சார் வெளியே எடுக்கிறது...” என்ற மாஸ்டர், ஜீப்பின் பானெட்டைத் தடவிக்கொண்டே நின்றுவிட்டார்.

வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வாசற்படிக்குப் போய், அந்தப் பெரிய பையைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

“துணியையெல்லாம் திரும்ப அலமாரியிலயே வெச்சுடட்டுமாங்க?”