பாஸ்வேர்டு கேட்கவில்லை

“ஏம் புள்ள பூவிழி, காலைல இருந்து எங்க வூட்டு ஜன்னலையே எட்டி எட்டிப் பாக்கற? என்ன வேணும்?”

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கோகிலவாணி அக்கா கேட்டதும் பூவிழிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“ஒண்ணுமில்லீங்கக்கா. துணி காயப்போட வந்தேன்.”

கையில் துணி எதுவும் இல்லை. அது நினைவுக்கு வந்ததும் காது மடல் சுட்டது. விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டாள்.

உள்ளே, அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த பழைய லேப்டாப் திறந்தே கிடந்தது. அதில் விண்டோஸ் என்றைக்கோ செத்துவிட்டது. லினக்ஸ் மட்டும் உயிரோடு இருந்தது. ஒரு மணி நேரமாக அதனோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வைஃபையை அணைத்துப் போட்டாள். லேப்டாப்பையே அணைத்துப் போட்டாள். கறுப்புத் திரையில் தனக்குத் தெரிந்த கட்டளைகளை எல்லாம் தட்டிப் பார்த்தாள். லேப்டாப்பில் ஒரு கோளாறும் இல்லை. தினமும் வைஃபை பட்டியலில் முதலாவதாக நிற்கும் ‘கோகிலா’ என்ற பெயரைத்தான் காணோம்.

அது அக்கா வீட்டு நெட். எட்டு மாதமாகப் பூவிழி அதில்தான் சொல்லாமல் கொள்ளாமல் படித்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டாம் வகுப்போடு, அதுவும் பாதியில், அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பையன் அவளுடைய கெமிஸ்ட்ரி நோட்டைத் திருப்பிக் கொடுத்தான். இரண்டு நிமிடம் பேசியிருப்பாள். பொழுது சாய்வதற்குள் அது அப்பா சென்றாயன் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் புத்தகப் பை பரணில் ஏறியது. யார் சொன்னது என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

இப்போது வீட்டிலிருந்தபடியே ஒரு இலவசக் கணினிப் பயிற்சியை முடித்திருந்தாள். பதினோரு மணிக்குக் கடைசித் தேர்வு. தேறினால், வாசலைத் தாண்டாமலே ஒரு வேலை. ஒரு நிமிடம் பிந்தினாலும் உள்ளே விடமாட்டார்கள். மணி பத்தரை ஆகியிருந்தது.

“பூவிழி! இங்க வா. அந்த லேப்டாப்பையும் எடுத்தா!”

அக்காவின் குரல்தான். ‘கண்டுபிடித்துவிட்டாள்’ என்று நினைத்துக்கொண்டே, லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள்.

கோகிலவாணி பள்ளிக்கூடச் சத்துணவில் சமைக்கிறவள். தனியாள். ஓசூரில் கட்டிக்கொடுத்த மகளோடு வீடியோவில் பேசத்தான் நெட் போட்டிருக்கிறாள் என்று ஊரில் சொல்வார்கள். வீடெல்லாம் புது சுண்ணாம்பு வாசம்.

“வெள்ளையடிக்க வந்தவன் இந்த நெட்டு டப்பாவப் புடுங்கிப் போட்டுட்டுப் போயிட்டான். எத எதுல சொருவறதுன்னு வெளங்கல. நீதான் வெவரமானவளாச்சே, பாரு.”

பூவிழிக்குப் போன உயிர் பாதி திரும்பியது. டப்பாவுக்குக் கரண்ட் கொடுத்தாள். சிவப்பு விளக்கு மின்னியது. மெல்லிய மஞ்சள் ஒயரைத் துடைத்து, ‘டக்’ என்று சத்தம் கேட்கும்வரை அழுத்தினாள். சிவப்பு அணைந்து பச்சை வந்தது.

“ஹால்ல வச்சிடவாக்கா? உங்களுக்கு நல்லா கெடைக்கும்.”

“வேணாம். அந்தப் பின்ஜன்னல்லயே வை.”

பின்ஜன்னலுக்கு நேர் எதிரேதான் பூவிழியின் வீடு.

“சரி, நெட்டு வருதான்னு உன் லேப்டாப்புல பாரு.”

திரும்பிய உயிரும் மறுபடி போனது. லேப்டாப் பழைய பெயரை மறக்காது. திறந்தால் போதும், கேட்காமலே போய் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெயரை அழித்துவிடலாம் என்றால் அக்கா தோளை உரசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

“உங்க போன்லயே பாத்துக்கலாங்கக்கா.”

“அது கெடக்குது வுடு. நீ தொற.”

திறந்தாள். ‘கோகிலா’ வந்தது. அடுத்த நொடியே இணைந்துவிட்டது.

“என்ன புள்ள, பாஸ்வேர்டு போட்டாத்தான் வரும்னு லைன்காரன் சொன்னான்? இது கேக்கவே இல்லியே?”

பூவிழி தலையைத் தூக்கவில்லை. கண்ணீர் கீபோர்டில் சொட்டியது.

“நெட்டு போட்ட அன்னிக்கு, கண்ணாடி காணோம், இந்தப் பாஸ்வேர்டு சீட்டப் படிச்சுச் சொல்லுன்னு குடுத்தீங்களேக்கா... அப்ப மனசுல வச்சுக்கிட்டேன். திருட்டுத்தானுங்க. பதினோரு மணிக்கு ஒரு பரீட்சை, இன்னிக்கு மட்டும் எழுதிக்கறேன். அப்புறம் தொடவே மாட்டேன். அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கக்கா.”

கடைசி வார்த்தையைக் கேட்டதும் கோகிலவாணியின் முகம் செத்துவிட்டது. இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்துத் தரையில் வைத்தாள். எண்கள் தேய்ந்துபோன பட்டன் போன்.

“இதுல எங்க புள்ள நெட்டு வரும்? அன்னிக்குக் கண்ணாடி என் மடியிலதான் இருந்துச்சு.”

பூவிழிக்குப் புரியவில்லை. “அப்ப... இந்த நெட்டு யாருக்குங்கக்கா?”

“நேரமாவுது. மொதல்ல பரீட்சைய எழுது.”

எழுந்து போனவள், கதவருகே நின்றாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

“உங்கப்பன்கிட்ட ஒரு வாட்டி சொன்னதே போதும் சாமி. அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல உன்னப் பாத்தவ நாந்தான்.”