உரிமத்தின் பொறுப்பாளர்

14 ஒக்டோபர் 2025, செவ்வாய். சிறு பிழை ஒன்று. எங்கள் கம்பனியின் உரிம எண்ணை எங்கோ பிழையாக எழுதி வைத்திருக்கிறேன். பதிவேட்டில் போட்டால் வேறு யாரோ வருகிறார்கள்.

ஆர்த்திகா குறிப்பேட்டை மூடிவிட்டு கம்பனி வான் நின்ற இடத்துக்குப் போனாள். கதவில் ஒட்டியிருந்த எண்ணை ஒவ்வோர் இலக்கமாகப் பார்த்துக் கைபேசியில் மறுபடி போட்டாள்.

எங்கோ தூரத்து ஊரில் கூரை போடும் ஒரு கம்பனி வந்தது.

மாலை வகுப்பின் வீட்டுவேலை அது. வேலை செய்யும் இடத்தை அரசாங்கப் பதிவேட்டில் தேடி, கண்டதைப் பற்றிப் பிரெஞ்சில் ஐந்து வசனம் எழுதி வரச் சொல்லியிருந்தார் ஆசிரியை. செயின்ட்-மிஷேல் பகுதியில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த வீட்டின் வெளிப்படியில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

முடிக்கக்கூடியவள்தான். அண்ணன் நகுலேஸ்வரனின் பெயின்ட் கம்பனிக்காக உரிமப் பரீட்சை எழுதியவளே அவள். அண்ணனுக்குப் பிரெஞ்சு ஏறவில்லை. தங்கை சித்தியடைந்தால் அவள் பொறுப்பாளர், கம்பனிக்கு உரிமம். உரிமம் வந்தால்தான் காப்புறுதி. இரண்டு குளிர்காலம் இருந்து படித்தாள். போன ஏப்ரலில் கடிதம் வந்தது. எழுபத்தொரு புள்ளி.

கம்பனியின் பெயரைப் போட்டுப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

தன் பெயரைப் போட்டாள். அதுவும் இல்லை.

"பிள்ளை, படிச்சது காணும்!" அண்ணனிடம் வேலை செய்யும் செபமாலை, இரண்டாம் மாடி யன்னலுக்கு நேரே ஏணியில் நின்றபடி கூப்பிட்டார். "இஞ்சை வந்து ஏணியைப் பிடி. நான் விழுந்தா உன்ரை இன்சூரன்ஸ்தான் எனக்குச் சோறு போடோணும், தெரியுந்தானே?"

அவள் போய் ஒரு கையால் ஏணியைப் பிடித்தாள். மற்றக் கையில் கைபேசி. பக்கத்தில் நகுலேஸ்வரன் குந்தியிருந்து பெயின்ட் கலந்துகொண்டிருந்தார்.

"அண்ணை, எங்கட நம்பர் பிழையா வருது. நான்தான் எங்கையோ மாறி எழுதிப்போட்டன் போல."

அவர் கைபேசியைப் பார்க்கவில்லை. தூரிகையை வாளி விளிம்பில் வழித்தார். ஏற்கெனவே வழித்த தூரிகை.

"உதை ஏன் இப்ப நோண்டுறாய்? குளிர் இறங்க முதல் இந்த வீட்டை முடிப்பம். பேந்து கதைக்கலாம்."

அவள் ஏணியில் நின்ற செபமாலையை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணை, இன்சூரன்ஸ் இருக்கோ?" மேலே கேட்காதபடி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"பேப்பர் பாத்துத்தானே வீட்டுக்கார மதாம் வேலை தந்தவ."

அந்தப் பேப்பரை மதாமுக்கு வாசித்துக் காட்டியதும் அவள்தான். இதே படியில் நின்று, வரிக்கு வரி விரல் வைத்து, பிரெஞ்சில். உச்சரிப்பு நன்றாக இருக்கிறது என்று மதாம் சொன்னதை அன்றைய பக்கத்தில் குறித்தும் வைத்திருந்தாள்.

"பேப்பர் இருக்கிறது தெரியும். நான் கேட்டது இன்சூரன்ஸை."

நகுலேஸ்வரன் வாளிக்குள் குச்சியை விட்டு மறுபடி கலக்கினார்.

அப்போதும் அவள் பிழையைத் தன்னிடம்தான் தேடினாள். விண்ணப்பத்தில் ஏதாவது ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டிருக்கலாம். கையெழுத்தை இடம் மாறிப் போட்டிருக்கலாம். அவளுக்கு அது நடக்கக்கூடியதுதான்.

"விண்ணப்பத்திலை நான் ஏதும் பிழை விட்டிட்டனோ அண்ணை?"

அவர் அப்போதுதான் நிமிர்ந்தார்.

"விண்ணப்பம் நான் அனுப்பேல்லை." தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, "பாஸ் பண்ண ரெண்டு புள்ளிதான் குறைஞ்சது ஆர்த்தி. ரெண்டே ரெண்டு. நீ அழுவாய் எண்டுதான்... சீசனும் துவங்கீட்டுது," என்றார்.

அவளுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது.

ஏப்ரலில் கம்பனி முகவரிக்கு வந்த கடிதத்தைப் பிரித்துக் கையில் தந்தவர் அவர். எழுபத்தொன்று என்று கணினியில் அடித்தவரும், வேறொரு கம்பனியின் எண்ணை வான் கதவில் ஒட்டியவரும் அவர்தான். அதன் பிறகு இந்த ஆறு மாதமும், அவள் எதற்காவது தயங்கி நின்றபோதெல்லாம், "நீ சோதினை பாஸ் பண்ணின ஆள், உனக்கென்ன பயம்?" என்று முதுகில் தட்டி அனுப்பியவரும் அவரே. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் வேலை கேட்டு எத்தனையோ வீட்டுக் கதவுகளைத் தட்டியிருந்தாள்.

மேலே செபமாலை ஒரு காலை அடுத்த படிக்கு மாற்றினார். ஏணி அசைந்தது.

கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் ஏணியைப் பிடித்தாள்.

"செபமாலை அங்கிள், இறங்குங்கோ."

"ஏன் பிள்ளை, தேத்தண்ணி வந்திட்டுதோ?"

"ஓம்," என்றாள். "மெதுவா இறங்குங்கோ."

அவர் இரண்டு காலும் நிலத்தில் வைக்கும்வரை அவள் கையை எடுக்கவில்லை. அண்ணன் பக்கம் திரும்பவும் இல்லை.

மதாம் தொலைவில், டோர்வலில் வேலைக்குப் போயிருந்தார்; இரவு பிந்தித்தான் வருவார். காலையில் மட்டுமே ஆளைப் பிடிக்கலாம்.

படியில் இருந்து குறிப்பேட்டை எடுத்தாள். கையில் பெயின்ட் பட்டிருந்தது. துடைத்துவிட்டு எழுதினாள்.

நாளை, புதன். காலை ஏழரைக்கு மதாமைப் பார்க்க வேண்டும். எங்களிடம் உரிமமும் இல்லை, காப்புறுதியும் இல்லை என்று சொல்ல வேண்டும். பிரெஞ்சில், நானே.