நேரில் வந்தவள்

பாளையங்கோட்டை மைதானத்தில் நாற்பதாயிரம் பேர் ஆரவாரம் செய்துகொண்டிருந்தார்கள். எல்லாம் அவரவர் வீட்டிலிருந்து அனுப்பிய ஒளி உருவங்கள். வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள் என்பதால் கோமதி மட்டும் நேரில் வந்திருந்தாள். மற்றபடி அவளுக்குப் பெரிய கிரிக்கெட் பைத்தியமெல்லாம் கிடையாது.

ஒரு சிக்சர் பத்து உருவங்களை ஊடுருவி வந்து அவள் காலடியில் உருண்டது. பந்தைத் தேடி வந்த இளம் ஃபீல்டர், அவள் அதை எடுத்து நீட்டியதும் திகைத்து நின்றான்.

“நெசமாவே வந்திருக்கியளாக்கா?”

“ஆமா தம்பி.”

“மூணு வருசமா ஆடுதேன். எனக்குப் பந்து எடுத்துக் குடுத்த மொத ஆளு நீங்கதான்.”

கோமதிக்குக் கூச்சமாகிவிட்டது. அவன் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. தயங்கியபடி கேட்டாள்.

“ஜெபராஜ்க்கா” என்று சிரித்துவிட்டு ஓடினான்.

ஆட்டம் முடியும்வரை அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தியவள், மறுநாள் அலுவலகத்தில் தொண்டை கட்டி, கையசைத்தே பேசினாள்.