ஏஞ்சலின் முழங்கால்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் மிச்சமிருக்கும் என் இரண்டு பல்லும் இன்றைக்கே விழட்டும். சென்னை லோக்கலின் ஜன்னலோரம் ஏஞ்சலின் வலது முழங்கால் ஆடுகிறது. வெளிநாட்டில் டாக்டருக்குப் படித்தவள், இங்கே ஊசி போட உரிமம் தரும் பரீட்சைக்கு மூன்றாம் முறையாகப் போகிறாள். எட்டரைக்குத் தேர்வு மையத்தின் கதவை அடைத்துவிடுவார்கள். போன இரண்டு முறையும் கேள்விப்படாத மருந்துப் பெயர்கள்தான் அவள் காலை வாரின. நைட் ஷிப்ட் முடித்த உருக்காலைச் சட்டையோடு எதிரே இருக்கும் அப்பா அந்தோணி, போனைப் பார்த்து ஒரு மருந்தின் பெயரை எழுத்துக்கூட்டுகிறார். "தெரியல நைனா. வாலத்தான் பாக்கணும். டினிப்புன்னு முடிஞ்சா கேன்சர் மருந்து." "அப்ப அந்தோணி இன்னா மருந்து?" "அது மருந்தில்ல, தலவலி." சிரிக்காமல் சொல்கிறாள். முழங்கால் இன்னும் வேகம் பிடிக்கிறது. அந்த ஆட்டத்தில் மேலே கைப்பிடிகள் ஊசலாடுகின்றன, சுண்டல்காரர் கூடையில் மாங்காய்த் துண்டுகள் துள்ளுகின்றன, பொன்னேரி வயல்கள் இளவெயிலோடு பின்னால் ஓடுகின்றன, வள்ளூர் புகைபோக்கிகள் ஒன்றையொன்று முந்துகின்றன. "மெதுவா கண்ணு," என்கிறார் அந்தோணி, "வண்டிய எண்ணூர் ஆத்துல எறக்கிடப் போற."

ஏழேகால் ஆகியும் ரயில் இன்னும் கும்மிடிப்பூண்டியை விட்டுக் கிளம்பவில்லை.