ஏறாத சோடா

வால்டர் கோலியை உள்ளே தட்டினான். புஸ்ஸென்று பொங்கியது சோடா. ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். நன்றாகத்தான் நுரைக்கிறது, நாக்கில் மட்டும் ஒன்றும் ஏறவில்லை. வெறும் குழாய்த் தண்ணீர்.

இது பத்தாவது நாள். ராயபுரத்தில் பதினெட்டு வருஷமாகச் சோடா போடுகிறவன் அவன். எங்கே தப்பு என்று பிடிபடவே இல்லை.

சோடா மிஷின் ஒன்றும் பெரிய மர்மமில்லை. தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைப் பெட்டிக்குள் வைத்து, சிலிண்டரைத் திறந்து, கைப்பிடியைச் சுற்றினால் கேஸ் தண்ணீரில் கரையும். பாட்டில் தலைகீழாகும்போது கோலி கழுத்துக்கு உருண்டு வரும். உள்ளே இருக்கிற கேஸே அதை ரப்பர் வளையத்தோடு அழுத்தி அடைத்துவிடும். தப்பு நடக்க மூன்றே இடம்தான்: தண்ணீர், சிலிண்டர், ரப்பர். மூன்றையும் மாற்றிப் பார்த்துவிட்டான்.

காசிமேட்டுப் பெட்டிக்கடைக்குச் சரக்கெடுக்க வந்த கருணாகரன், மிச்சத்தை வாங்கிக் குடித்துவிட்டுத் தும்மினான்.

"மூக்குல ஏறுது மாமு. இதுக்கு மேல கேஸ் ஏத்துன, பாட்டிலு வெடிச்சு உன் மூஞ்சி பூடும். கோளாறு மிஷின்ல இல்ல, உன் மண்டையில கீது. வூட்டுக் கவலை."

கவலை இருந்தது உண்மைதான்.

சுனாமிக்கு மறு வருஷம் அவன் மனைவி ஐரீனுக்கு உடம்பு இளைக்க ஆபரேஷன் ஆனது. கப்பலில் வேலை பார்க்கும் அவள் தம்பி பிடிவாதமாகச் செய்யவைத்தான். வயிற்றை வெட்டித் தைத்து, ஒரு டீ டம்ளர் அளவுக்குச் சுருக்கிவிட்டார்கள்.

வயிறு சுருங்கியது, ஆசை சுருங்கவில்லை. ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தின்றாள். பின்பக்கம் போய் வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவிக்கொண்டு மறுபடி தின்றாள். ஒரு தரம் உள்தையல் விட்டுப்போய் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

"இன்னொரு தரம் விட்டா, எங்களால தைக்க முடியாது" என்று சொல்லிவிட்டார் டாக்டர் தேவகிருபை. தின்னத் தூண்டும் அந்த வெறியை அடக்க ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"இது வலிப்புக்குக் குடுக்கறதாச்சே" என்று மருந்துக் கடைக்காரர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட ஐரீன் மாத்திரை அட்டையைத் தெருவில் வீசினாள்.

"எனக்கு இன்னா இழுப்பா வருது? குண்டச்சின்னு பேரு வாங்குனது போதாதா? இழுப்புக்காரின்னு வேற சொல்லணுமா?"

வால்டர் அட்டையைப் பொறுக்கி எடுத்துக்கொண்டான். மறுநாள் முதல் வெந்தயக் கஞ்சி காய்ச்சும் வேலையை அவனே எடுத்துக்கொண்டான். மாத்திரையைப் பொடித்து அவள் டம்ளரில் கலக்கினான். வெந்தயத்தின் கசப்பில் மாத்திரையின் கசப்பு தெரியாது. "சூடு ஆறதுக்குள்ள குடிச்சிடுமே" என்று வைத்துவிட்டுக் குளிக்கப் போவான். திரும்பி வரும்போது டம்ளர் கழுவிக் கவிழ்த்திருக்கும்.

பானையில் மிச்சமிருக்கும் கஞ்சியை ஐரீன் அவனுக்குத் தூக்கில் ஊற்றிப் பட்டறைக்குக் கொடுத்தனுப்புவாள். தூக்கு என்னவோ கனமாகத்தான் இருந்தது. அவனுக்குப் பாதிக்கு மேல் இறங்கவில்லை. பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஓர் ஓட்டை போட்டுக்கொண்டான்.

மாசம் முடிந்தது. மாத்திரைக்கு மறுபடி சீட்டு வாங்க டாக்டரிடம் போனான்.

"போன வாரம் அவங்க வந்தப்போ எடை பார்த்தேன், ஏறியிருக்கு. மாத்திரை ஒழுங்கா போடறாங்களா?"

"போடறா மேடம். என் கையாலதான் குடுக்கறேன்."

"நீங்க சோடா போடறவர்தானே? அவங்களுக்கு ஒரே ஒரு வாய் குடுத்துப் பாருங்க. சோடா சுருக்குனு இருக்கறது நுரையால இல்ல. அந்த கேஸ் நாக்குல பட்டதும் புளிப்பா மாறுது, அந்தப் புளிப்புதான் குத்துது. இந்த மாத்திரை அப்படி மாற விடாது. இதை ஒழுங்கா போடறவங்க நிறைய பேருக்குச் சோடா பச்சைத் தண்ணி மாதிரிதான் இருக்கும்."

வால்டர் இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டான். பஸ்ஸில் இடம் இருந்தும் வீடு வருகிறவரை நின்றுகொண்டே வந்தான்.

வந்ததும் ஒரு கோலி சோடாவை உடைத்து டம்ளரில் ஊற்றி ஐரீனிடம் நீட்டினான். "ஒரு வாய் மட்டும் குடி. டாக்டரம்மா சொன்னாங்க."

அவள் குடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "யப்பா, இன்னா ஏறு ஏறுது."

மிச்சத்தை அவன் குடித்தான். பச்சைத் தண்ணீர்.

டம்ளரைக் கீழே வைத்தான். "ஐரீனு, உன்கிட்ட மறைச்சது என் தப்புதான். நீ தூக்கிப் போட்ட மாத்திரையத்தான் தெனம் உன் கஞ்சியில பொடிச்சுப் போட்டேன். நெசத்தைச் சொல்லு, அந்தக் கஞ்சிய நீ இன்னா பண்ற?"

ஐரீன் தரையில் உட்கார்ந்தாள்.

"நீ எந்திரிக்கறதுக்கு முன்னாடியே எதையாச்சும் தின்னு ரொப்பிக்கினு இருப்பேன்யா. கஞ்சிக்கு எடமே இருக்காது."

"அதான், கஞ்சி எங்க போச்சு?"

"நாளுக்கு நாள் நீ இளைச்சுக்கினே போறியேன்னு, தெனம் உன் தூக்குலதான் ஊத்தினேன்."